காட்டில் நிற்கும் மாப்பிள்ளை

கட்டுநாயக்காவில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். மேலே கிடந்த சொக்லேட் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, அடியில் மடித்து வைத்திருந்த ஜாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பச்சையும் மண்ணிறமும் கலந்து இலை இலையாக அச்சடித்த வேட்டைக்கார ஜாக்கெட். இது யாருக்கு என்று சிங்களத்தில் கேட்டார். மாப்பிள்ளை தன் வருங்கால மாமனாருக்குக் கொடுத்தனுப்பியது என்று, எனக்கு மிச்சமிருந்த சிங்களத்தில் சொன்னேன். "மாமனார் ஆமியா?" இல்லை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆமிக்காரரைத் தவிர வேறு யாரும் இதை இங்கே போட முடியாது, கொண்டுபோனால் உங்களுக்குத்தான் கரைச்சல் என்று சொல்லி ஜாக்கெட்டை மேசைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். சொக்லேட்டும் நானும் வெளியே வந்தோம்.

நான் நோர்வேயின் வடகோடியில், ஒரு மீன் தொழிற்சாலையை நம்பி இருக்கும் சின்ன ஊரில் முப்பது வருடமாக வசிக்கிறேன். அங்கே அந்த மாதிரி உடுப்பைப் பெற்றோல் நிலையத்தில் பாண் வாங்க வருபவர்களும் போடுகிறார்கள், குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் தாய்மாரும் போடுகிறார்கள். என் கண் அதற்குப் பழகிவிட்டது. ஊரைவிட்டுப் போன நாளில் அந்த நிறத்தைக் கண்டால் வேலியால் பாய்ந்தவன் நான். மனிதனுக்கு மறதி எவ்வளவு சுலபமாக வருகிறது என்று வாடகை வண்டியில் ஏறிய பிறகுதான் யோசித்தேன். ஆனால் கைப்பைக்குள் இருந்த உறை அப்போதும் என் நினைவுக்கு வரவில்லை.

உறைக்குள் இருந்தது மாப்பிள்ளையின் முழுப்படம். மாப்பிள்ளை என்பது என் மனைவியின் தம்பி குகன். வயது முப்பத்தேழு, தொழில் மின்சார வேலை. ஊருக்கே கரண்ட் கொடுக்கிறவன், வெள்ளிக்கிழமை பின்னேரமானால் கரண்டும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு மரக்குடிலுக்குப் போய்விடுவான். விறகு பிளப்பான், பனியை உருக்கிக் குடிப்பான், மரையைவிடப் பெரிய ஒரு மானைத் தேடித் துவக்கோடு நாள்கணக்கில் அலைவான். தாடி நெஞ்சைத் தொடும். முகநூலில் இல்லை, அதுவும் காட்டுக் கொள்கைதானாம். "ஆம்பிளை எண்டால் தனிய காட்டில நிண்டு பாக்க வேணும் அத்தான்" என்று என்னிடம் சொல்வான். நான் ஆம்பிளைதான், ஆனால் சூடாக்கி பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் ஆம்பிளை.

மூன்று சம்பந்தங்கள் குழம்பிப் போயின. பெண்களுக்கு ஒஸ்லோ வேண்டும், இவனுக்குக் காடு வேண்டும். நாலாவதாக வெள்ளவத்தையிலிருந்து ஒரு சாதகம் வந்து பொருந்தியது. பெண்ணைப் போய்ப் பார் என்றால் வேட்டைப் பருவம் தொடங்கிவிட்டது என்றான். என் மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. ஆகவே தூதுவன் நான். இதுவும் சரிவராவிட்டால் தம்பி அந்தக் குடிலிலேயே கிழவனாகிவிடுவான் என்று விமான நிலையத்தில் மனைவி அழுதாள். குகன் ஒரே ஒரு கேள்வியைத் தந்தனுப்பினான். "காடு பிடிக்குமோ எண்டு கேளுங்கோ அத்தான். மற்றதெல்லாம் சமாளிக்கலாம்."

முதல் நாள் கொட்டாஞ்சேனையில் யோகன் வீட்டில் தங்கினேன். என்னோடு படித்தவன், துறைமுகத்தில் பொருட்களை இறக்கி எடுத்துக்கொடுக்கும் வேலை. இடியப்பம், சொதி, கட்டாச் சம்பல், நண்டுக்கறி. நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, "அங்க உனக்கு என்ன தாறவங்கள்?" என்று கேட்டான். குகன் காட்டுக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். சோறும் இறைச்சியும் காய்ந்து தூளாக ஒரு பைக்குள் இருக்கும், சுடுதண்ணீர் ஊற்றிவிட்டு எட்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "நிவாரணத்துக்கு வாற சாமான் மாதிரி எண்டு சொல்லு" என்றான். ஜாக்கெட் கதையைச் சொன்னதும் சாப்பாட்டுக் கையோடு தலையில் அடித்துக்கொண்டான். "நீ எந்த உலகத்தில இருக்கிறாய்?"

அடுத்த நாள் வெள்ளவத்தைக்கு மட்டக்குளியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். ஓட்டோவில் போ என்று யோகன் சொன்னதைக் கேட்காதது பிழை. நிற்க இடமில்லை. நடத்துனர் சிங்களத்தில், உள்ளே போங்கள், உள்ளே கால்பந்து விளையாட இடம் இருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார். புறக்கோட்டையில் ஒரு அம்மா இறங்க எழும்ப, அவருக்குப் பக்கத்தில் இருந்த வயதான பெண் நகர்ந்து எனக்கு இடம் தந்தார். அந்த நேரம் பார்த்துக் குகன் போன் எடுத்தான். நெற்வேர்க் விட்டுவிட்டு வந்தது. எனக்குக் கொஞ்சம் காது மந்தம், அதனால் பேச்சும் சத்தமாகத்தான் வரும்.

"காட்டிலயோ நிக்கிறாய்?" என்று கத்தினேன். "எத்தினை பேர் நிக்கிறியள்? துவக்கு வேலை செய்யுதோ? நான் சாமானைக் குடுத்திட்டு எடுக்கிறன்."

பஸ்ஸின் முன்பாதி அமைதியானது. ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்தார். எனக்கு இடம் தந்த பெண் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்: "தம்பி, உதைப் பேந்து கதையுங்கோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டில் நிற்கிறான் என்றால் இந்த ஊரில் ஒரு காலத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான், இயக்கத்தில் இருக்கிறான். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். வெள்ளவத்தைச் சந்தைக்கு இரண்டு தரிப்பு முன்னதாகவே இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தேன்.

பெண்ணின் தகப்பன் கந்தசாமி மாஸ்டரின் வீடு கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி. கிளிநொச்சிப் பக்கத்து ஆட்கள், சண்டை முடிந்த பிறகு கொழும்புக்கு வந்தவர்கள். ரயில் போகும்போது அலமாரிக் கண்ணாடி நடுங்குகிறது, கடல் தெரிவதில்லை. மாஸ்டர் நடக்கும்போதுகூட அளந்துதான் நடக்கிறார். அக்கா, அதாவது மாஸ்டரின் மனைவி, கேக், மிக்சர், வாழைப்பழம், றோல்ஸ் என்று தட்டை நிரப்பினார். மகள் தர்ஷினி களுபோவில ஆஸ்பத்திரியில் தாதி. வயது முப்பத்திரண்டு. ரீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடியுங்கோ அங்கிள்" என்று சொல்லி எதிரில் உட்கார்ந்தாள். ஆளை அளப்பதில் தகப்பனுக்குக் குறைந்தவள் இல்லை என்று தெரிந்தது.

சுவரில் ஒரு பெரிய படம். நீலக் கோட், சிவப்பு ரை, இருபது வயது மதிக்கத்தக்க பையன். மாலை இல்லை, விளக்கும் இல்லை. பேச்சைத் தொடங்க ஒன்று கிடைத்த சந்தோசத்தில், "மகன் பாங்கிலயோ வேலை?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி" என்றார் மாஸ்டர். "அவன் கடைசிச் சண்டையில செத்துப்போனான்."

இனிமேல் பேசாமல் இருப்பதே நல்லது என்று நினைத்து, உறையை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெளியே எடுத்தார்.

எடுத்தவர் எழும்பிப் போய் வாசற்கதவைச் சாத்தினார். பிறகு யன்னல் திரையை இழுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தாடி, துவக்கு, கழுத்திலிருந்து கால்வரை அதே இலைப் பச்சை உடுப்பு. சுங்கத்தில் ஜாக்கெட்டை விட்டுவிட்டு, ஜாக்கெட் போட்ட ஆளைக் கொண்டுவந்து இவர்கள் வீட்டு மேசையில் வைத்திருக்கிறேன். இப்படி ஒரு முட்டாளை நான் வாழ்க்கையில் கண்டதில்லை.

அக்கா பக்கத்தில் கிடந்த நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்து, படத்தின் மேல் கழுத்துக்குக் கீழே மறைகிற மாதிரி வைத்தார். தாளுக்கு மேலே குகனின் தலை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. வெகு நேரம் பார்த்தார்.

"முகம் நல்ல முகம்" என்றார்.

இது வேட்டை உடுப்பு, அவன் தனியே காட்டில் போய் நிற்கிறவன், வேறு படம் அனுப்பச் சொல்கிறேன் என்றேன். மாஸ்டர் தலையை ஆட்டினார். நாளைக்கு மகளோடு தனியாகக் கதையுங்கள், முடிவு அவளுடையது என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே குகனைப் பிடித்துத் திட்டினேன். "வேற உடுப்போட என்னட்டப் படம் இல்லை அத்தான்" என்றான், கொஞ்சம் பெருமையாகவே.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் தர்ஷினியை ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் வரும்போது மழை பிடித்தது. கொழும்பு மழைக்கு முன்னறிவித்தல் கிடையாது. பத்து நிமிடத்தில் ரோட்டில் கணுக்கால் தண்ணீர், பதினைந்தாவது நிமிடத்தில் ஓட்டோ இருமிவிட்டு நின்றது. சாரதி சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். நாலைந்து தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, இஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது, இனி மழை விட்டால்தான் என்று கையை விரித்தார். நான் குகனை நினைத்துக்கொண்டேன். இந்த மாதிரி நேரத்துக்கென்றே அவனிடம் பதினேழு கருவி உள்ள ஒரு கத்தி இருக்கிறது.

தர்ஷினி செருப்பைக் கழற்றிச் சீற்றில் வைத்துவிட்டு இறங்கினாள். சாரதியிடம் பிளக் கழற்றும் சாவியைக் கேட்டு வாங்கிப் பின்னால் போய், பிளக்கைக் கழற்றி, கைப்பையிலிருந்த பஞ்சால் துடைத்து, வாயால் ஊதி, திரும்பவும் பூட்டினாள். மழை முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் இழுவையில் ஓட்டோ பற்றியது. சாரதி சிங்களத்தில், இதை எங்கே படித்தாய் தங்கச்சி என்று கேட்டார்.

"கெலே" என்றாள். காட்டில்.

நல்ல பகிடி என்று நினைத்து அவர் காலி வீதி வரும்வரை சிரித்துக்கொண்டு வந்தார்.

ஈரத்தோடு வீட்டுக்குப் போக வேண்டாம் என்று ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். பிளேன்ரீயும் சுடச்சுட உழுந்து வடையும் வந்தன. அவள் கைப்பையிலிருந்து படத்தை எடுத்து, சுற்றிவரப் பார்த்துவிட்டு மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டாள்.

"விறகு ஈரம்" என்றாள். "புகை வெள்ளையா வருது, பாருங்கோ. நெருப்பை வாசலுக்கு நேர மூட்டியிருக்கிறார், காத்து உள்ளுக்கு அடிக்குது. அண்டைக்கு முழுக்கக் கண்ணெரிஞ்சிருக்கும்."

எரிந்தது உண்மைதான், ஆனால் அதை நான் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று துணிந்தேன். "பிள்ளை, உங்களுக்குக் காடு பிடிக்குமோ?"

அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. வடையைப் பிய்த்தபடி, ஒரு நோயாளியின் விபரம் சொல்வது போலச் சொன்னாள். "பதினஞ்சு வயசில பதினொரு மாசம் காடும் தறப்பாளுமாத்தான் இருந்தனாங்கள். மழைக்குள்ள நெருப்பு மூட்டுவன். மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட வைப்பன். எந்தக் கிழங்கு தின்னலாம், எது தின்னக்கூடாது எண்டு தெரியும். பிடிக்குமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை அங்கிள். நீங்கள்தான் முதல் ஆள்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லை. பிடிக்காது. ஆனா இருக்கத் தெரியும்." ரீயை ஒரு வாய் குடித்தாள். "அம்மா நேற்றுத் தாள் வச்சு மறைச்சது ஏன் தெரியுமோ? வீட்டில தொங்குற படத்தில இருக்கிறது அண்ணான்ர உடம்பு இல்லை. அண்ணா கடைசியா எடுத்த படம் அந்த உடுப்போடதான். அதை வீட்டில வச்சிருக்கேலாது. தலையை மட்டும் வெட்டிக் குடுத்தம், ஸ்ரூடியோவில கோட் போட்டுத் தந்தினம். மாலை போட அம்மா விடேல்லை. ஆரும் கேட்டால் பாங்கில வேலை எண்டு நினைக்கட்டும் எண்டு சொன்னா. நீங்கள் கேட்டது அவவுக்கு உண்மையில சந்தோசம்."

முப்பது வருடம் தூர இருந்துவிட்டு வந்து, படத்தில் ரை நன்றாக இருக்கிறது என்று நினைத்தவன் நான். வெட்கமாக இருந்தது.

அவள் படத்தை இன்னும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. இவர் தனிய நிக்கிறார் எண்டுதானே சொன்னீங்கள். அப்ப படம் எடுத்தது ஆர்?"

மாப்பிள்ளையின் மானம் என் கையில் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குடில் பெற்றோல் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. அன்று காலையில் அங்கேதான் சொசேச் வாங்கிச் சாப்பிட்டோம். மானையும் காணவில்லை, ஒன்றையும் சுடவில்லை. தனியே போகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வருடமும் யாரையாவது கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போவான். படம் எடுக்கப் பின்னால் நகர்ந்த நான் சேற்றுக் குழிக்குள் இடுப்புவரை இறங்கிவிட்டேன், ஒரு சப்பாத்து இன்றைக்கும் அதற்குள்தான் இருக்கிறது. கமெராவை மட்டும் மேலே பிடித்தபடி அமத்தினேன். அவன் சிரிப்பது என்னைப் பார்த்து.

தர்ஷினி சிரித்தாள். வந்த மூன்று நாளில் அன்றைக்குத்தான் அவள் பல் தெரிந்தது. "பேந்து உங்களைத் தூக்கினவரோ, இல்லாட்டிச் சிரிச்சுக்கொண்டு நிண்டவரோ?"

"தூக்கினவன். தூக்கிக் கொண்டுபோய், தன்ர காலுறையைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டான்."

அவள் படத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். வெளியே மழை விட்டிருந்தது.

யோகன் வீட்டுக்கு வந்து குகனோடு கதைத்தேன். காடு பிடிக்குமோ என்று கேட்டீர்களோ என்பதுதான் அவன் முதல் பேச்சு. கேட்டேன், பிடிக்காதாம், பிடிக்காததற்குக் காரணமும் இருக்கிறது என்று சொல்லி, பதினொரு மாதத்தையும் சுவரில் தொங்கும் கோட்டையும் சொன்னேன். அந்தப் பக்கம் விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அத்தான்" என்றான் கடைசியில். "நான் அவவிட்டக் கேக்க வேண்டிய கேள்வியில்லை உது, என்ன?"

இல்லை என்றேன்.

"அவவுக்கு என்ன பிடிக்கும் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

நாலாம் நாள் காலையில் மாஸ்டர் வீட்டுக்குப் போனால் அக்காவும் தர்ஷினியும் வெளிக்கிட்டு நின்றார்கள். ஸ்ரூடியோவுக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றார் அக்கா. வேறு படம் எடுத்து அனுப்பச் சொல்வதாக நான் மறுபடியும் இழுத்தேன். "வேண்டாம் தம்பி. இப்பிடிச் சிரிக்கிற படம் கேட்டு எடுக்கேலாது. எனக்குத் தெரியும்" என்றார். மகள் என்ன முடிவெடுத்தாள் என்று கேட்க வாய் வரவில்லை. கயிறு கட்டிய ஆடு மாதிரிப் பின்னால் நடந்தேன்.

காலி வீதியிலிருந்து உள்ளே ஒரு ஒழுங்கையில், தையல் கடைக்கு மேலே அந்த ஸ்ரூடியோ. சொந்தக்காரர் தமிழர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அக்காவை ஞாபகம் இருந்ததோ இல்லையோ, எழும்பிக் கதிரை போட்டார். படத்தை வாங்கியவர் திடுக்கிடவில்லை, கதவைப் பார்க்கவும் இல்லை. பழகிய வேலை. குகனைத் திரையில் ஏற்றினார். சுட்டியால் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார். ஒரு சொடுக்கில் துவக்கு போனது, இன்னொன்றில் உடுப்பு போனது, குடிலும் புகையும் காடும் போயின. வெள்ளைத் திரையில் என் மச்சானின் தலை மட்டும் தாடியோடு மிதந்தது. இந்த மேசையில் எத்தனை தலைகள் இப்படி மிதந்திருக்கும்.

அவர் ஒரு கோப்பைத் திறந்தார். வரிசையாகத் தலையில்லாத கோட்டுகள், கறுப்பு, சாம்பல், நீலம். நீலக் கோட்டில் அக்காவின் கண் நின்றதைப் பார்த்தேன். சிவப்பு ரைகூட அதேதான்.

"நீலம் போடவோ அம்மா?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்ல முன்பே, விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே அடுத்ததையும் கேட்டார்: "கீழ பேரும் திகதியும் வரும்தானே? திகதி என்ன?"

இப்படிப் படத்தோடு வந்தவர்கள் எல்லாரிடமும் அவர் கேட்ட கேள்வி அது. செத்த திகதி. அக்காவின் கை கைப்பையின் பிடியை இறுக்கியது.

தர்ஷினி திரையருகில் குனிந்து, நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கினாள்.

"திகதி இன்னும் வைக்கேல்லை அண்ணை" என்றாள். "அப்பா நாள் பாக்கிறார். தை மாசமளவில வரும்."

சொந்தக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். முதலில் அவளைப் பார்த்தார், பிறகு திரையில் சிரித்துக்கொண்டிருந்த தலையைப் பார்த்தார். "ஆள் இருக்கிறாரோ?"

"இருக்கிறார்" என்றேன் நான். என் குரல் பஸ்ஸில் கத்தியதைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அக்கா கைப்பையிலிருந்து கையை எடுத்தார். "அப்ப கோட் வேண்டாம் தம்பி" என்றார். "பட்டு வேட்டி சால்வை இருக்கோ?"

அது வேறு கோப்பில் இருக்கிறது, பொறுங்கள் என்று சொல்லி, அவர் கோட்டுகளை மூடிவிட்டு அதைத் தேடத் தொடங்கினார்.